எல்லாருக்கும் ஒரு வண்டி

பொழுது புலரும் முன்பே கமுந்திங் ராயா பேருந்து நிலையம் விழித்துக்கொள்கிறது. கல்லூரிக்குத் திரும்பும் மாணவர், மருத்துவமனைக்குச் செல்லும் முதியவர், வேலை தேடிப் புறப்படும் இளைஞர் எனப் பலரும் விரைவுப் பேருந்துக்காகக் காத்திருக்கின்றனர். பயணச்சீட்டு ஒன்று கையில் இருந்தால் போதும். சில மணி நேரத்தில் கோலாலம்பூரை அடைந்துவிடலாம். சொந்தமாக வண்டி வைத்திருக்க வேண்டியதில்லை. ஓட்டத் தெரிந்திருக்கவும் வேண்டியதில்லை. இன்று இது மிக இயல்பான செயலாகத் தோன்றுகிறது. ஆனால், தொடக்கக் காலத்தில் மோட்டார் வண்டி என்பது செல்வர்களின் உடைமையாக மட்டுமே இருந்தது. அதைச் சாதாரண மக்களிடம் கொண்டு சேர்க்க உலகின் பல மூலைகளில் சிலர் பாடுபட்டனர். அவர்களுள் ஒருவர் தமிழ்நாட்டு உழவர் குடும்பத்தில் பிறந்த ஜி. டி. நாயுடு.

பால்மரமும் மோட்டார் வண்டியும்

மோட்டார் வண்டியின் வரலாற்றில் பேராக் மாநிலத்துக்கும் பங்குண்டு. 1877ஆம் ஆண்டு கோலகங்சாரில் சில ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அப்போது அவற்றின் அருமையைப் பலர் அறியவில்லை. அமெரிக்காவில் மோட்டார் வண்டிகள் பெருகத் தொடங்கியதும் நிலைமை மாறியது. வண்டிக்குச் சக்கரம் வேண்டும். சக்கரத்துக்கு டயர் வேண்டும். டயருக்கு ரப்பர் வேண்டும். காடுகள் அழிக்கப்பட்டுத் தோட்டங்கள் உருவாயின. 1920ஆம் ஆண்டு வாக்கில் உலக ரப்பர் உற்பத்தியில் ஏறத்தாழப் பாதி மலாயாவிலிருந்து கிடைத்தது.

இந்த மாற்றத்துக்கு முக்கியக் காரணமாக விளங்கியவர் ஹென்றி ஃபோர்டு. இவர் 1863ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஓர் உழவர் வீட்டில் பிறந்தார். சிறு வயதிலேயே கடிகாரங்களைப் பிரித்துப் பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டார். இளம் வயதில், குதிரை இழுக்காமல் தானே சாலையில் ஓடிய நீராவி எந்திரம் ஒன்றைக் கண்டார். அந்தக் காட்சியே தம் வாழ்வின் திசையை மாற்றியதாகப் பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார். 1896ஆம் ஆண்டு வீட்டின் பின்புறக் கொட்டகையில் தம் முதல் வண்டியைச் செய்து முடித்தார். வண்டி வெளியே செல்லக் கதவின் அகலம் போதவில்லை. கோடரியால் சுவரை இடித்துத்தான் அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தார்.

ஃபோர்டு தொடங்கிய முதல் நிறுவனம் தோல்வியடைந்தது. இரண்டாவதிலிருந்து அவர் விலகினார். 1903ஆம் ஆண்டு தொடங்கிய மூன்றாவது நிறுவனமே நிலைத்தது. 1908ஆம் ஆண்டு ‘மாடல் டி’ என்னும் வண்டி 850 டாலர் விலையில் வெளிவந்தது. 1913ஆம் ஆண்டு அவருடைய தொழிற்சாலையில் நகரும் உற்பத்தி வரிசை அமைக்கப்பட்டது. தொழிலாளி வண்டியைத் தேடிச் செல்லாமல், வண்டி தொழிலாளியைத் தேடி வரும் முறை அது. ஒரு வண்டியின் அடிச்சட்டத்தைப் பொருத்த முன்பு பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலானது. புதிய முறையில் ஒன்றரை மணி நேரமே போதுமானதாயிற்று. ஒரே வேலையை நாள் முழுவதும் செய்து சலித்த தொழிலாளர் பலர் வெளியேறினர். அவர்களைத் தக்கவைக்க, 1914ஆம் ஆண்டு ஒரு நாளுக்கு 5 டாலர் ஊதியத்தை ஃபோர்டு அறிவித்தார். 1925ஆம் ஆண்டில் அந்த வண்டியின் விலை 260 டாலராகக் குறைந்தது. 1927ஆம் ஆண்டுக்குள் ஒன்றரைக் கோடி வண்டிகள் உருவாயின.

அமெரிக்காவில் உழவரும் தொழிலாளரும் வண்டி வாங்கினர். ஆனால், அந்த வண்டிகளின் டயருக்குப் பால் எடுத்துக் கொடுத்த தோட்டப்புறத் தமிழர்கள் நடந்தே சென்றனர். இருள் பிரியும் முன் பெரட்டுக் களத்தில் கூடி, மரம் வெட்டச் சென்றனர். பால் வாளிகளைச் சுமந்து திரும்பினர். தோட்டத்தில் ஓடிய மோட்டார் வண்டி துரையுடையதாகவே இருந்தது. வண்டி யாருக்காக என்னும் கேள்வி அந்தச் செம்மண் சாலையிலும் இருந்தது. அதே கேள்விக்குக் கடலுக்கு அப்பால், கோயம்புத்தூர் வட்டாரத்தில் ஓர் இளைஞர் தம் வழியில் விடை தேடிக்கொண்டிருந்தார்.

முந்நூறு ரூபாய் மோட்டார் சைக்கிள்

கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் துரைசாமி பிறந்தார். தந்தையார் கோபால்சாமி நாயுடு ஓர் உழவர். தந்தையார் பெயரின் முதலெழுத்தும் தம் பெயரின் முதலெழுத்தும் சேர, அவர் ஜி. டி. நாயுடு என அழைக்கப்பட்டார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆசிரியர் மீது மணலை வீசிவிட்டு ஓடிய குறும்புக்காரர் என்று அவரைப் பற்றிக் கூறுவர். தொடக்கக் கல்வியோடு அவருடைய பள்ளிப் படிப்பு நின்றது.

ஒரு நாள், ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ‘ரட்ஜ்’ வகை மோட்டார் சைக்கிளில் ஊர்ப்பக்கம் வந்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை. வண்டி தானே ஓடுகிறது! வியந்து நின்ற துரைசாமிக்கு அதைச் சொந்தமாக்கிக்கொள்ள வேண்டும் என்னும் ஆசை பிறந்தது. ஆனால், கையில் பணமில்லை. வீட்டை விட்டுக் கோயம்புத்தூருக்குச் சென்ற அவர், உணவு விடுதி ஒன்றில் பரிமாறுபவராக வேலைக்குச் சேர்ந்தார். இலை போட்டார், உணவு பரிமாறினார், கிடைத்த கூலியைச் செலவழிக்காமல் சேர்த்தார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் முந்நூறு ரூபாய் சேர்ந்தது. அதைக் கொடுத்து அந்த மோட்டார் சைக்கிளையே வாங்கினார்.

மூன்று ஆண்டுகள் உழைத்து வாங்கிய வண்டியை எவரும் முதலில் ஓட்டிப் பார்க்கவே விரும்புவர். துரைசாமியோ அதன் பாகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். எது எதனோடு சேர்கிறது, எது அசைந்தால் எது சுழல்கிறது என்று உற்று நோக்கினார். பிறகு, மீண்டும் பொருத்தினார். அந்த எந்திரமே அவருக்குப் பாடநூலாக அமைந்தது.

அந்தப் பாடநூலில் அவர் கற்றது என்ன? பெட்ரோல் எந்திரத்தின் உள்ளே உருளை ஒன்று உண்டு. அதனுள் பிஸ்டன் என்னும் உலோகத் துண்டு மேலும் கீழும் அசையும். பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்த கலவை உள்ளே இழுக்கப்படுகிறது. அது மேலே ஏறும்போது அக்கலவை அழுத்தப்படுகிறது. அப்போது சிறு மின்பொறி தோன்றிக் கலவையை எரிக்கிறது. எரிந்து விரிவடையும் வாயு பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. மறுபடியும் பிஸ்டன் மேலே ஏறும்போது புகை வெளியேற்றப்படுகிறது. இந்த நான்கு அசைவுகளும் ஒரு நிமிடத்தில் பல நூறு தடவை நிகழ்கின்றன. மேலும் கீழுமான அந்த அசைவைச் சுழற்சியாக மாற்றிச் சக்கரத்துக்கு அனுப்புவதே எந்திரத்தின் வேலை. மோட்டார் சைக்கிள், மகிழுந்து, பேருந்து ஆகியவற்றின் பெட்ரோல் எந்திரங்களுக்கு அடிப்படை இதுவே. ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொண்டால் மற்றவற்றையும் புரிந்துகொள்ளலாம். நாயுடு பழுதுபார்க்கும் தொழிலில் தேர்ச்சி பெற்றது இப்படித்தான்.

ஒரு பேருந்தும் ஒரு சாலையும்

நாயுடுவின் வளர்ச்சி நேர்கோட்டில் செல்லவில்லை. முதலாம் உலகப் போர்க் காலத்தில் திருப்பூரில் பருத்தித் தொழிலில் ஈடுபட்டுப் பணம் ஈட்டினார். அந்த ஊக்கத்தில் பம்பாய் சென்று பருத்தி வணிகத்தில் இறங்கினார், கையிலிருந்ததை இழந்தார். வெறுங்கையோடு கோயம்புத்தூருக்குத் திரும்பினார். பணம் போயிற்றே தவிர, எந்திரங்களைப் பற்றிய அறிவு அவரை விட்டுப் போகவில்லை. கோயம்புத்தூரில் தொழில் நடத்திய ஆங்கிலேயரான இராபர்ட் ஸ்டேன்ஸ் அவருடைய திறமையை அறிந்து உதவினார். 1920ஆம் ஆண்டு நாயுடு ஒரு பேருந்தை வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே அதைத் தாமே ஓட்டினார்.

தைப்பூசத்தையும் காவடியையும் அறிந்த மலேசியத் தமிழருக்குப் பழநி புதிய பெயரன்று. பொள்ளாச்சியோ பெரிய சந்தை கூடும் ஊர். இரண்டுக்கும் இடையே அறுபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவு. மாட்டு வண்டி மணிக்கு நான்கைந்து கிலோமீட்டர் தான் செல்லும். வழியில் மாடுகளுக்கு ஓய்வும் தண்ணீரும் வேண்டும். ஆகவே, ஒரு பகல் முழுவதும் பயணம் செய்தாலும் ஊர் போய்ச் சேர்வது அரிது. பேருந்தோ சில மணி நேரத்தில் அந்தத் தொலைவைக் கடந்தது. வழிபாட்டுக்குச் செல்பவரும் சந்தைக்குச் செல்பவரும் அன்றைக்கே வீடு திரும்பும் வாய்ப்புக் கிடைத்தது.

பேருந்துத் தொழிலின் உயிர்நாடி நம்பிக்கை ஆகும். வண்டி குறித்த நேரத்தில் வராவிட்டால் பயணி அடுத்த முறை காத்திருக்க மாட்டார். வழியில் பழுதாகி நின்றுவிட்டால் அன்றைய வருமானம் போய்விடும். பாகங்களை நன்கறிந்தவர் நடத்தும் நிறுவனத்துக்கு இங்குதான் வலிமை கிடைக்கிறது. எந்தப் பாகம் எப்போது தேயும் என்பதை முன்கூட்டியே அறிந்து மாற்றினால், வண்டி நடுவழியில் நிற்காது. நாயுடுவின் ‘யு. எம். எஸ்.’ நிறுவனம் அவ்வாறே வளர்ந்தது. ஒரே பேருந்தில் தொடங்கிய அவரிடம் 1933ஆம் ஆண்டில் 280 பேருந்துகள் இருந்தன. பதின்மூன்று ஆண்டுகளில் ஏற்பட்ட வளர்ச்சி இது.

ஃபோர்டு வண்டியின் விலையைக் குறைத்து அதை மக்களிடம் கொண்டு சென்றார். நாயுடு வாழ்ந்த நாட்டில் அந்தக் குறைந்த விலையும் பெரும்பாலோருக்கு எட்டாத தொகையாகவே இருந்தது. ஆகவே, ஒரு வண்டியின் விலையைப் பயணிகள் பலர் பகிர்ந்துகொள்ளும் வழி அங்குப் பயன் தந்தது. பயணச்சீட்டு என்பது அந்தப் பங்கே அன்றி வேறில்லை.

மலிவாகவும் தரமாகவும்

பேருந்தோடு நாயுடுவின் ஆர்வம் நின்றுவிடவில்லை. ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பயணம் செய்து தொழிற்சாலைகளைப் பார்வையிட்டார். 1937ஆம் ஆண்டு டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் இணைந்து கோயம்புத்தூரில் மின்மோட்டார் தயாரித்தார். அதுவரை இந்தியாவுக்கு மின்மோட்டார்கள் வெளிநாடுகளிலிருந்தே வந்துகொண்டிருந்தன. கிணற்று நீரை இறைக்கவும் ஆலையின் எந்திரங்களைச் சுழற்றவும் உள்நாட்டு மோட்டார் கிடைத்தது. இன்று நீரேற்றும் மோட்டார்களுக்கும் எந்திரப் பாகங்களுக்கும் கோயம்புத்தூர் பெயர் பெற்று விளங்குகிறது. அதற்கு அடித்தளம் இட்டவர்களுள் இவ்விருவரும் அடங்குவர்.

மின்கலத்தால் இயங்கும் முகச்சவரக் கருவி, மிக மெல்லிய சவரத் தகடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் ஓடும் விசிறி எனப் பல பொருள்களை அவர் உருவாக்கினார். 1941ஆம் ஆண்டு ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று காட்டினார். இவை வெவ்வேறு பொருள்களாகத் தோன்றினாலும் அவற்றுக்குள் ஒரே எண்ணம் ஓடியது. எந்திரம் செய்வது மட்டும் சாதனையாகாது. அதைச் சாதாரண மனிதர் வாங்கும் விலையில் செய்ய வேண்டும் என்பதே அந்த எண்ணம்.

சாலைக்கு வராத வண்டி

அந்த எண்ணத்தின் உச்சமாக, 1952ஆம் ஆண்டு இருவர் அமரும் சிறிய பெட்ரோல் மகிழுந்து ஒன்றை அவர் உருவாக்கினார். அதன் விலை 2,000 ரூபாய். சிறு வணிகரும் ஆசிரியரும் எழுத்தரும் வண்டி வாங்கலாம் என்னும் நம்பிக்கையை அது தந்தது.

ஆனால், அக்காலத்தில் இந்தியாவில் பெரிய தொழில் எதையும் தொடங்க அரசாங்கத்தின் உரிமம் தேவைப்பட்டது. 1951ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தொழில் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. புதிதாக விடுதலை பெற்ற நாட்டில் மூலதனமும் அந்நியச் செலாவணியும் குறைவாக இருந்தன. அவற்றை அணைக்கட்டு, எஃகு ஆலை போன்ற அடிப்படைத் துறைகளில் திட்டமிட்டுச் செலவிட வேண்டும் என அரசு கருதியது. மகிழுந்து தயாரிக்க ஒரு சில நிறுவனங்களே அனுமதி பெற்றன. நாயுடுவின் வண்டிக்கு உரிமம் கிடைக்கவில்லை. உற்பத்தி நின்றுபோனது.

அரசின் கவலையில் நியாயம் இருந்தது. நாயுடுவின் கனவிலும் நியாயம் இருந்தது. இரண்டுக்கும் இடையில் நசுங்கியது ஒரு சிறிய வண்டி. ஃபோர்டின் வண்டி ஒன்றரைக் கோடியாகப் பெருகியது. நாயுடுவின் வண்டியோ தொழிற்சாலை வாயிலைத் தாண்டவில்லை. திறமையில் இருந்த குறை அதற்குக் காரணமன்று. கண்டுபிடிப்பு ஒன்று மக்களைச் சென்றடையக் கண்டுபிடிப்பாளர் மட்டும் போதாது. மூலதனம், சட்டம், சந்தை ஆகிய அனைத்தும் கைகொடுக்க வேண்டும். இந்தியாவின் நடுத்தரக் குடும்பங்களுக்கு ஏற்ற ‘மாருதி 800’ என்னும் சிறிய மகிழுந்து 1983ஆம் ஆண்டு இறுதியில்தான் விற்பனைக்கு வந்தது. நாயுடுவின் வண்டிக்கும் அதற்கும் இடையே முப்பத்தோராண்டுகள் கடந்திருந்தன. மலேசியாவில் இதே போன்ற தேவையை 1994ஆம் ஆண்டு வெளிவந்த ‘கஞ்சில்’ நிறைவு செய்தது. குடும்பத்தின் முதல் மகிழுந்தாக அதை வாங்கியோர் பலர்.

கையும் கற்கும்

பள்ளியை வெறுத்த சிறுவர் பிற்காலத்தில் கல்விக்கூடம் கண்டார் என்பது நாயுடுவின் வாழ்வில் வியப்பான செய்தி. 1944ஆம் ஆண்டு அவர் மோட்டார்த் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகினார். மறு ஆண்டே, அவருடைய முயற்சியால் கோயம்புத்தூரில் பொறியியல் கல்லூரி ஒன்று தோன்றியது. அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. நாயுடுவே அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அக்கல்லூரியே இன்று அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகிறது.

பொறியியல் படிப்புக்கு நான்கு ஆண்டுகள் தேவையில்லை. பட்டறையில் கைப்படப் பயின்றால் அதில் பாதிக் காலமே போதும் என்பது அவர் கருத்து. அரசு அதை ஏற்கவில்லை. நாயுடு பொறுப்பிலிருந்து விலகினார். அவருடைய கணக்குச் சரியா என்பது விவாதத்துக்குரியது. பாலம் கட்டுபவருக்கும் மின்நிலையம் அமைப்பவருக்கும் கணிதமும் அறிவியலும் ஆழமாகத் தேவைப்படும். அவற்றை விரைந்து கற்றுவிட முடியாது. ஆயினும், நூலறிவும் கையறிவும் பிரிந்து நிற்கக்கூடாது என்னும் அவருடைய அடிப்படைக் கருத்து இன்றும் பொருந்தும்.

நாயுடுவின் கதையைப் படிப்பைக் கைவிடுவதற்கான சான்றாகக் கொள்வது தவறு. அவர் விட்டது வகுப்பறையை மட்டுமே; கற்பதை அன்று. மோட்டார் சைக்கிளைப் பிரித்தபோதும், பேருந்தை ஓட்டியபோதும், அயல்நாட்டுத் தொழிற்சாலைகளில் நடந்தபோதும் அவர் மாணவராகவே இருந்தார். அன்று கிராமத்துச் சிறுவனுக்கு எந்திரத்தைக் கற்றுத்தரும் பள்ளி அரிதாக இருந்தது. இன்று தொழிற்கல்லூரிகளும் பயிற்சி மையங்களும் அந்தக் கதவைத் திறந்து வைத்துள்ளன. தேர்வில் பின்தங்கியவருக்கு மட்டும் உரியது தொழிற்கல்வி என்னும் எண்ணமும் மாற வேண்டியதாகும்.

ஜி. டி. நாயுடு 1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் மறைந்தார். கோயம்புத்தூரின் அவிநாசி சாலையில் அவர் பெயரால் அமைந்த கண்காட்சியகத்தில் அவருடைய கருவிகளைக் காணலாம். பழைய மகிழுந்துகளுக்கான அருங்காட்சியகமும் அங்கு உள்ளது.

தோட்டப்புறங்கள் பல மறைந்துவிட்டன. பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பேருந்து ஓட்டுகின்றனர், பட்டறை நடத்துகின்றனர், பொறியியலாளராகப் பணிபுரிகின்றனர். கனரக வண்டிகளின் டயர்களில் இயற்கை ரப்பர் இன்றும் மிகுதியாகச் சேர்க்கப்படுகிறது. நெடுந்தொலைவு ஓடும்போது அதில் சூடு குறைவாகவே உண்டாவது ஒரு காரணம். கமுந்திங்கிலிருந்து விடியற்காலையில் புறப்படும் பேருந்தின் சக்கரமும் அந்தப் பால்மரத்தின் துணையோடுதான் சுழல்கிறது. முன்பு அந்த மரத்தின் அடியில் நடந்தே சென்றவர்களின் வழித்தோன்றல், இன்று அந்தப் பேருந்தின் சன்னலோர இருக்கையில் அமர்ந்து ஊர் பார்த்துச் செல்கிறார். வண்டி யாருக்காக என்னும் கேள்விக்கு அதுவே விடை.